தியேட்டர் திரையில் வீடியோ கேம் ஆட முடியுமா? ஒரு புரொஜெக்டர்காரரின் பதில்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க ஊர்த் தியேட்டர்ல வாரநாள் காலைக்காட்சிக்குப் பத்துப் பேர்கூட வர்றதில்ல. நண்பன் பிறந்தநாளுக்கு ஹாலை ரெண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, பிளேஸ்டேஷன மாட்டிப் பெரிய திரையில ஆடலாம்னு இருக்கோம். புரொஜெக்டர் போயிரும்னு தியேட்டர்க்காரர் தயங்குறார். போயிருமா? வீட்டு டிவியவிட நல்லா இருக்குமா?"

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. புரொஜெக்டர் போய்விடுமா என்பதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம்: ஆட்டத்தால் போகாது. நன்றாக இருக்குமா என்பதுதான் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். அது திரையின் அளவைப் பொறுத்தது இல்லை. கையில் பட்டனை அழுத்திய பிறகு திரையில் அது நடக்க எத்தனை நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தது.

நான் 1994-இல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்தவன். கார்பன் குச்சியை எரித்துப் படம் காட்டிய கடைசிக் காலத்தையும் பார்த்தேன், படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கிய காலத்தையும் பார்த்தேன். இப்போது வள்ளியூரிலிருந்து சங்கரன்கோவில் வரை சில தியேட்டர்களில் டிஜிட்டல் புரொஜெக்டர்களைப் பராமரிக்கிறேன். இதுவரை ஐந்து முறை தியேட்டரில் கேம் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பிறந்தநாள், ஒரு கல்லூரி விழா, ஒன்று என் தங்கை மகனுக்காக. அந்த ஐந்து முறையில் பட்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் உரிமையாளரின் பயம். ஸ்கோர், மேப் போன்றவை திரையின் மூலையில் மணிக்கணக்காக அசையாமல் நிற்பதால் படம் பதிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பிளாஸ்மா டிவிக்கும் இன்றைய ஓஎல்இடி டிவிக்கும் அந்த ஆபத்து உண்டு. நம் ஊர்த் தியேட்டர்களில் அதிகம் இருப்பது டிஎல்பி புரொஜெக்டர். அதற்குள் ஒளியைத் தருவது விளக்கு. படத்தை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கண்ணாடிகள். 2கே, அதாவது அகலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் புள்ளி காட்டுகிற புரொஜெக்டரில், ஒரு சிப்பில் 2048-க்கு 1080 என்ற கணக்கில் 22 லட்சத்துக்கு மேல் கண்ணாடிகள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிப். எந்தப் படம் ஓடினாலும் அவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரண்டுகொண்டேதான் இருக்கும். நின்ற படம் அதில் பதிவதில்லை. செனான் வாயு அடைத்த அந்த விளக்கும் உள்ளே ஓடுவது சினிமாவா கேமா என்று பார்க்காது. எரிந்த மணிக்கணக்கு மட்டும்தான் அதற்குக் கணக்கு.

ஆனால் அவர் பயத்துக்கு நியாயமான காரணம் வேறொன்று இருக்கிறது. புதுப்படங்கள் பூட்டிய கோப்பாக வருகின்றன. அதைத் திறக்கிற மீடியா பிளாக்கும் புரொஜெக்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்திருக்க வேண்டும். தொழிலில் இதை 'மேரேஜ்' என்றே சொல்வோம். யாராவது தெரியாமல் சர்வீஸ் கதவைத் திறந்தால் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து அந்த இணைப்பு முறிந்துவிடலாம். திரும்பச் சேர்த்துவைக்கும் வரை படம் ஓடாது. மேட்னிக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு நிற்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அவரிடம் பேசும்போது "நாங்க எந்தக் கதவையும் தொட மாட்டோம், வெளியே இருக்கிற இன்புட்ல உங்க ஆபரேட்டரே ஒயரை மாட்டட்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். பாதித் தயக்கம் அதிலேயே போய்விடும்.

அந்த இன்புட் எப்படி இருக்கும் என்பது தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். சிற்றூர்களில் சில இடங்களில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா விதிமுறைக்குள் வராத, மண்டபங்களில் வைக்கிற வகைப் புரொஜெக்டரே ஓடுகிறது. படத்துக்கு அது ஒரு படி கீழேதான். கேமுக்கு அதுவே சுலபம், எச்டிஎம்ஐ ஒயரை நேராக மாட்டலாம். முழு டிஜிட்டல் சினிமா புரொஜெக்டர் என்றால் புதியவற்றில் மீடியா பிளாக்கிலேயே எச்டிஎம்ஐ இருக்கும். பழையவற்றில் டிவிஐ என்ற பழைய வகைத் துளைதான், அதற்கு முன்னால் படத்தின் அளவை மாற்றுகிற ஸ்கேலர் என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட பழைய புரொஜெக்டரில் மாட்டியதும் திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம். எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு காரணமாக இருக்கலாம். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் செட்டிங்கில் அதை அணைக்க வழி இருக்கிறது. அணைத்தால் படம் பார்க்கிற ஆப்கள் ஓடாது, கேம் ஓடும். பிளேஸ்டேஷன் 3-இல் எச்டிஎம்ஐ வழியாக அந்தப் பூட்டை எடுக்கவே முடியாது. பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏமாற வேண்டாம்.

அடுத்து ஒயர். கன்சோலை, அதாவது பிளேஸ்டேஷன் பெட்டியை, ஆபரேட்டர் ரூமில் வைத்துவிட்டுக் கன்ட்ரோலரை மட்டும் கீழே கொண்டுவரலாம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். புளூடூத் பத்து மீட்டரைத் தாண்டினால் தடுமாறும், நடுவில் சுவரும் கண்ணாடியும் வேறு. கன்சோல் ஆடுபவர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், படம்தான் மேலே போக வேண்டும். முப்பது மீட்டர் தூரத்துக்குச் சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ ஒயர் தாங்காது. படத்தை ஒளியாகக் கொண்டுபோகிற ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ ஒயர் வாங்குங்கள், இல்லை நெட்வொர்க்குக்குப் போடுகிற கேட்-6 ஒயரில் ஓடுகிற எச்டிபேஸ்டி கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். 1080 படத்தை அது நூறு மீட்டர் வரை கொண்டுபோகும். ஆப்டிக்கல் ஒயருக்கு இரண்டு முனையும் ஒன்று இல்லை. ஒன்றில் 'சோர்ஸ்' என்றும் மற்றதில் 'டிஸ்ப்ளே' என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கும். என் தங்கை மகன் பிறந்தநாளுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போய், பால்கனிக் கம்பி வழியாக மேலே ஏற்றி, சுவர் ஓரமாக டேப் ஒட்டி இறக்கி, முக்கால் மணி நேரம் வேலை பார்த்து மாட்டினால் படம் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் 'டிஸ்ப்ளே' முனை கன்சோலில் இருக்கிறது. மொத்த ஒயரையும் உருவி மறுபடி இழுத்தோம். பையன்கள் கேக்கை வெட்டாமல் காத்திருந்தார்கள்.

சரி, இப்போது தாமதத்துக்கு வருகிறேன். முதல் தடவை நான் மாட்டிக் கொடுத்தது ஒரு கால்பந்து கேம். படம் அருமையாக வந்தது, பையன்கள் கத்திய சத்தத்தில் கேன்டீன்காரர் ஓடி வந்தார். ஐந்து நிமிஷம் கழித்து, வீட்டில் எல்லோரையும் ஜெயிக்கிற பையன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணாச்சி, நான் அடிச்ச பெறவு பந்து யோசிச்சுல்லா போவுது." அவன் சொன்னது அப்படியே உண்மை. நான் முப்பது வருஷம் அந்தத் திரையைப் பார்த்தே வேலை செய்தவன், எனக்கு அது கண்ணில் படவில்லை. பார்ப்பவருக்குத் தாமதம் தெரியாது, ஆடுபவர் விரலுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அதை அளந்து பார்த்தேன். நீங்களும் அளக்கலாம், செலவு இல்லை. போனில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கிற ஸ்லோமோஷன் இருந்தால் போதும். பட்டனை அழுத்துகிற விரலும் திரையும் ஒரே வீடியோவுக்குள் வரும்படி எடுத்து, விரல் அழுந்திய பிரேமிலிருந்து திரையில் ஆள் அசைகிற பிரேம் வரை எண்ண வேண்டும். ஒரு பிரேம் நாலு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். என் வீட்டு டிவியில் 24 பிரேம் வந்தது, அதாவது 100 மில்லி விநாடி. அதே கேம், அதே கன்சோல், தியேட்டரில் ஸ்கேலர் வழியாக 43 பிரேம், ஏறத்தாழ 180 மில்லி விநாடி. நொடிக்கு 60 படம் ஓடுகிற கேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி என்றால், தியேட்டரில் கூடுதலாக ஐந்து படம் பிந்துகிறது. இது அந்த ஒரு தியேட்டரின் கணக்கு, உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

ஏன் பிந்துகிறது என்றால், ஸ்கேலர் வருகிற படத்தை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டு, அளவு மாற்றி, நேரத்தை ஒழுங்குபடுத்தி அனுப்புகிறது. சினிமாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சினிமா நொடிக்கு 24 படம், முன்கூட்டியே பதிவானது, 80 மில்லி விநாடி முன்னே பின்னே ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒலியை அதற்கு ஏற்ப நகர்த்திவிட்டால் முடிந்தது. இந்த இயந்திரங்களைச் செய்தவர்கள் பார்ப்பவரை நினைத்துச் செய்தார்கள், ஆடுபவரை நினைத்துச் செய்யவில்லை. அடுத்த முறை நான் கன்சோலை 1080-இல் நிறுத்தி, ஸ்கேலரை விலக்கி, புரொஜெக்டர் இன்புட்டுக்கே நேராகக் கொடுத்தேன். 31 பிரேமாக இறங்கியது. வீட்டுக்கும் அதற்கும் ஏழு பிரேம்தான் வித்தியாசம். அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை. ஆக, 4கே, எச்டிஆர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1080, 60 என்று வையுங்கள். 2கே புரொஜெக்டரில் 1998-க்கு 1080 என்ற அளவில்தான் பிளாட் படம், அதாவது சினிமாஸ்கோப் அல்லாத படம், ஓடும். 1920 அகலமுள்ள கேம் படம் அதில் நீட்டாமல் அப்படியே உட்காரும், இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் நிற்கும். அந்தக் கோட்டைப் போக்க ஆசைப்பட்டு இழுத்தால் ஸ்கேலர் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

எந்த கேம் ஆடுவது என்பதும் இதிலிருந்தே வரும். கிரிக்கெட் கேமில் பேட் வீசுகிற நொடிதான் எல்லாம், அது தியேட்டரில் மிகவும் கஷ்டம். ஆளுக்கு ஆள் சண்டை போடுகிற கேமும் அப்படித்தான். கார் ரேஸ் பரவாயில்லை, மூன்று ரவுண்டில் கை பழகிவிடும், தாமதம் ஒரே சீராக இருந்தால் மூளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கதை சொல்கிற கேம், ஊர் சுற்றிப் பார்க்கிற கேம், முறை வைத்து ஆடுகிற கேம், நாலு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஆடுகிற குடும்ப கேம் இவையெல்லாம் தியேட்டருக்கென்றே செய்தது போல இருக்கும். பத்துப் பேர் வருகிறீர்கள் என்றால் நாலு பேர் ஆட ஆறு பேர் பார்ப்பார்கள். பார்க்கிற ஆறு பேருக்கும் சுவையாக இருக்கிற கேமாக எடுங்கள்.

வீட்டு டிவியைவிட நன்றாக இருக்குமா என்று கேட்டீர்கள். இதில் ஒரு கணக்கு பலருக்கும் தெரிவதில்லை. 40 அடி அகல சினிமாஸ்கோப் திரையில் கேம் படம் முழு அகலத்துக்கும் வராது. உயரம் சரியாக நின்று, அகலம் ஏறத்தாழ 30 அடிதான் வரும். நடு வரிசையில், திரையிலிருந்து 60 அடியில் உட்கார்ந்தால், உங்கள் கண்ணுக்கு அது பிடிக்கிற கோணம் 28 டிகிரி. வீட்டில் 55 அங்குல டிவியை எட்டு அடியில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே 28 டிகிரிதான். வெளிச்சமும் தியேட்டரில் குறைவு. சினிமாத் திரைக்கு விதித்த அளவு 48 நிட், டிவிகள் அதைப் போலப் பல மடங்கு தருகின்றன. கணக்கில் பார்த்தால் டிவியே ஜெயிக்கும். ஆனாலும் ஐந்து முறையும், ஹால் விளக்கை அணைத்த நொடியில் பையன்கள் வாயடைத்துப் போனதை நான் பார்த்தேன். இருட்டும், தூரத்தில் நிற்கிற பிம்பத்தை ஆயாசமில்லாமல் கண் பார்ப்பதும், நெஞ்சில் இடிக்கிற ஒலியும், பக்கத்தில் ஆள் இருப்பதும் சேர்ந்துதான் அந்தப் பிரமாண்டம். அதை எந்த டிவியும் தரவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதற்காக முன்வரிசைக்கு ஓடாதீர்கள். 30 அடிப் படத்தில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர், ஒரு அரிசி மணிக்குக் கிட்டத்தட்ட வரும். 60 அடியில் அது தெரியாது, 20 அடியில் எழுத்தெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். மூலையில் இருக்கிற மேப்பைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும், அரை மணியில் தலை சுற்றும். நடுவிலிருந்து ஒன்றிரண்டு வரிசை முன்னே, திரைக்கு நேர் மையம், அதுதான் ஆடுபவர் இடம். வெள்ளிப் பூச்சுள்ள திரை போட்ட 3டி தியேட்டர் என்றால் மையம் இன்னும் முக்கியம், ஓரத்தில் உட்கார்ந்தால் வெளிச்சம் ஒரு பக்கம் குவிந்து தெரியும்.

ஒலி தனிக்கதை. திரைக்குப் பின்னால் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து 60 அடி வர ஒலிக்கு 50 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். நல்ல வேளையாக, கன்சோல் பக்கத்திலேயே ஒலியைப் பிரித்து நேராகத் தியேட்டரின் ஒலியைக் கட்டுப்படுத்துகிற சவுண்ட் பிராசஸருக்குக் கொடுத்தால், பிந்துகிற படமும் நடந்து வருகிற ஒலியும் நடு வரிசையில் ஏறத்தாழ ஒன்றுசேர்ந்துவிடும். பழைய பிராசஸர்களில் எச்டிஎம்ஐ கிடையாது. ஒலி பிரிக்கிற ஒரு சின்னப் பெட்டி வாங்கி ஆப்டிக்கல் ஒலி ஒயரில் கொடுங்கள், செம்பு ஒயரில் வருகிற எர்த் இரைச்சலும் வராது. ஆப்டிக்கலில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். சுற்றிலுமிருந்து வருகிற 5.1 ஒலி வேண்டுமென்றால் கன்சோலில் டால்பி என்று மாற்ற வேண்டும். பல பிராசஸர்களில் படத்துக்குச் சத்தத்தை 7 என்ற அளவில் வைப்போம். கேமுக்கு 3-இல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். சினிமாவில் வெடிச்சத்தம் வந்து போகும். கேமில் அரை மணி நேரம் ஓயாமல் வெடிக்கும், ஸ்பீக்கருக்குள் மேல்சுருதி ஒலியைத் தருகிற டிரைவர் என்ற பாகங்கள் சூடேறிப் போக வாய்ப்புண்டு. புரொஜெக்டருக்கு இல்லாத ஆபத்து ஸ்பீக்கருக்கு இருக்கிறது என்பதை உரிமையாளர் அறிந்திருப்பது நல்லது.

கரண்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரி விழா நடந்த அன்று இறுதி ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் கன்சோல் அணைந்து ஆட்டம் அழிந்துவிட்டது. விளக்கையும் உடனே ஏற்ற முடியவில்லை. சூடான செனான் விளக்கின் உள்ளழுத்தம் மிக அதிகம், ஆற விட்டுத்தான் ஏற்றுவோம். ஜெயித்துக்கொண்டிருந்த பையன் முகத்தை நான் மறக்கவில்லை. கன்சோலுக்கும் ஒலிப் பெட்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி நாளாக இருந்தால் தேதியையே மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த விளக்கு வெடிக்கக்கூடியது, முகமூடியும் கையுறையும் இல்லாமல் நாங்களே தொடுவதில்லை. ஆர்வத்தில் பையன்களை ஆபரேட்டர் ரூமுக்குள் கூட்டம் போட விடாதீர்கள்.

நண்பர்கள் சேர்ந்து ஆடுவது வேறு, டிக்கெட் போட்டு போட்டி நடத்துவது வேறு. கேமை வாங்கும்போது கிடைக்கிற உரிமை சொந்த உபயோகத்துக்கானது. காசு வாங்கிக் கூட்டம் சேர்த்தால் கேம் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சில நிறுவனங்கள் சின்னப் போட்டிகளுக்கு விதிமுறை வெளியிட்டிருக்கின்றன, அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடுக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். தியேட்டர் உரிமம் 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமாச் சட்டத்தின் கீழ் படம் காட்டக் கொடுத்தது. வேறு நிகழ்ச்சி நடத்த மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டுமா என்பதை உரிமையாளரே விசாரித்துக்கொள்ளட்டும்.

இது நடக்கிற காரியமா என்று அவர் கேட்டால் கொரியாவைச் சொல்லுங்கள். கொரோனாவில் கூட்டம் குறைந்தபோது தென்கொரியாவின் சிஜிவி தியேட்டர்கள் 2021 தொடக்கத்தில் கேம் ஆடுபவர்களுக்கு ஹாலை வாடகைக்கு விட்டன. நாலு பேர் வரை, இரண்டு மணி நேரம், மாலை ஆறு மணிக்கு முன்னால் ஒரு லட்சம் வான் (கொரியப் பணம்), அன்றைய கணக்கில் ஏறத்தாழ 90 டாலர். நம் ஊரில் அந்த விலை நடக்காது. ஆனால் ஏசியைப் பாதியில் வைத்து, விளக்குக்கும் ஆபரேட்டருக்கும் ஆகிற செலவுக்கு மேல் கொஞ்சம் நின்றாலும் அவருக்கு லாபம்தான், பத்துப் பேருக்குப் படம் ஓட்டுவதைவிட. மூடிக் கல்யாண மண்டபமாகிப்போன தியேட்டர்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். உங்களைப் போல ஒருவர் "ஹாலைக் கொடுங்கள்" என்று கேட்டு வருவதே அவருக்கு நல்ல செய்தி என்பது என் அபிப்பிராயம்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பே, காலைக்காட்சிக்கு முன்னால் அரை மணி நேரம் கேட்டு ஒத்திகை பாருங்கள். கன்சோல், ஒயர், ஸ்லோமோஷன் போன், மூன்றும் போதும். புரொஜெக்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணையும் சவுண்ட் பிராசஸரின் முன்பக்கத்தையும் போட்டோ எடுத்து இங்கேயே போட்டால், எந்தத் துளையில் மாட்டுவது என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஒயரை இழுக்கிறதுக்கு முன்னால் 'சோர்ஸ்' முனை உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.